சுப்பம்மாளின் செல்கள்

மருந்து போட்ட குழியில் ஒரு செல் மட்டும் பருத்திருந்தது.

வெங்கிடேஷ் சின்னச் சின்னக் குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டை நகர்த்தி, மைக்ராஸ்கோப்பில் மறுபடி கண் வைத்தான். எச்.ஐ.வி. பெருகும் குழியில்தான் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே பையாக ஊதும். பழைய ஆன்டிபயாடிக் ஒன்று அந்தப் பெருக்கத்தை எப்படி அடக்குகிறது என்பதுதான் அவன் ஆராய்ச்சி. நேற்றுவரை அடக்கியிருந்தது. நாளை களமசேரித் தலைமையகத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்துத் தலையாட்டினால் ஆய்வுக்கூடமே அவன் பொறுப்புக்கு வந்துவிடும்.

கொச்சங்காடியின் பழைய மிளகுக் கிடங்கு அது. பெயின்ட் அடித்தும் சுவரை விட்டுப் போகாத மிளகு நெடியும், பிளீச்சிங் தண்ணீரின் காரமும், ஓட்டின் மேல் விடாமல் அடிக்கும் மத்தியான மழையும், காற்றாடியின் முனகலும் சேர்ந்து, யாரோ தோளருகே நின்று மூக்கடைப்போடு மூச்சு விடுவதுபோல் இருந்தது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே மஞ்சுஷா தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா சுப்பம்மாள் செத்ததும் அதே வேலைக்கு வந்தவள்.

"சாரே, அம்மா ரத்தம் உள்ள இப்பவும் உயிரோட கெடக்குதாமே?"

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான். சுகந்தானான்னு ஒரு வார்த்த கேட்டு வையுங்க."

"போய் ஜோலியப் பாரு."

"பாக்கறேன் சாரே. அம்மா விட்டுட்டுப் போன ஜோலியாச்சே."

சர்க்கரை சோதனைக்கு என்று சொல்லித்தான் சுப்பம்மாளிடம் ரத்தம் எடுத்தான். செல்களைப் பிரித்து உறையவைத்து, வேண்டும்போது எடுத்து வைரஸ் ஏற்றினான். டியூபில் அவள் பெயரையே எழுதிவைத்தான். யார் பார்த்தார்களோ, 'சுப்பம்மா ரத்தத்துல எய்ட்ஸ்' என்று அவள் குடியிருந்த சந்துக்குள் செய்தி போனது. குழாயடியில் அவள் குடத்தை எட்டி உதைத்தார்கள். அவளுக்கு நோய் இல்லை, வைரஸ் நான் ஏற்றியது என்று அவன் சொன்னால் போதும். சொன்னால் ஏமாற்றி எடுத்தது வெளியே வரும். சொல்லவில்லை. அவள் காயலில் பிணமாக மிதந்தாள்.

சாவதற்கு முன் கடைசியாக அவனிடம் வந்தபோது அவள் கெஞ்சவில்லை. "என் ரத்தத்த வெச்சுப் பொழைக்கிறீங்க. அது ஒங்கள விடாது சாரே."

மறுபடி பார்த்தான்.

எல்லாம் பருத்திருந்தன. மருந்து போட்ட குழிகள் அத்தனையிலும். வைரஸே போடாத குழிகளிலும். பார்க்கப் பார்க்க நகர்ந்தன. தொட்டன. நடுச்சுவர் கரைந்து ஒன்றாயின.

பிளீச்சை ஊற்றினான். கண் எரிந்தது.

நகர்வு நிற்கவில்லை.

வலது கை சுட்டது. கையுறைக்குள் யாரோ விரல் கோத்ததுபோல. ரப்பர் ஒரே பையாகப் புடைத்தது.

"மஞ்சுஷா! ஆளக் கூப்பிடு!"

அவள் மாப்பை ஊன்றி நின்றாள். அசையவில்லை.

"எங்கம்மாவுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க சாரே. சத்தமா. சந்துக்கே கேக்கட்டும்."

வாயைத் திறந்தான். நாளை வரும் ஆட்கள். மூடிக்கொண்டான்.

கையுறையை உரித்தான்.

விரல்களுக்கு நடுவே இடைவெளி இல்லை. ஒரே சதை. சுண்டுவிரலை ஒட்டி இன்னொரு விரல். மெலிந்தது. கறுத்தது. வருஷக்கணக்காய்த் தரை துடைத்து, பிளீச் தின்று வெளுத்த நகம்.

அது மெல்ல மடங்கி, அவன் உள்ளங்கையில் ஊன்றியது.