பானுப்பிரியா பதிவு செய்த கதை

பதிவில், குரங்கு ரயிலேறும் இடத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள். வீரலட்சுமி டீச்சர் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஏழாயிரம்பண்ணைப் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்த வருஷம் அது. கதை எழுதச் சொன்னால் பேனாவைக் கடித்துக்கொண்டு விழிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், மைக் முன்னால் உட்காரவைத்தால் வாய் ஓயாமல் கதை சொன்னார்கள். பானுப்பிரியா சொன்னது, டிக்கெட் இல்லாமல் சாத்தூர் போகும் குரங்கின் கதை. பதிவு செய்தபோது டீச்சர் பக்கத்திலேயேதான் நின்றாள். அறையில் வேறு யாரும் இல்லை.

மூச்சுக்குப் பிறகு ஒரு வெடிச்சத்தம். அதன் பின்னால் ரோட்டில் ஓடும் காலடிகள், பெண்களின் ஓலம். அந்தப் பக்கத்தில் வெடிச்சத்தம் கேட்டால், எந்தத் திசையில் புகை என்று பார்க்கப் பெண்கள் இப்படித்தான் ஓடுவார்கள். எல்லாம் அடங்கியதும் ஒரு குரல் நிதானமாகக் கூப்பிட்டது.

"பானு... வாத்தா."

அது கருப்பம்மாளின் குரல், பானுவின் அம்மா. டீச்சர் ஹெட்போனைக் கழற்றினாள். தீபாவளி சீசன் முடியும்வரை சனிக்கிழமைகளில் பானு பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவள். விடிந்தால் சனிக்கிழமை.

அன்று சாயங்காலமே டீச்சர் போனபோது, கருப்பம்மாள் வீட்டில் உட்கார்ந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் பானுவ கம்பெனி வேன்ல அனுப்பாதீக. ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு" என்று டீச்சர் கூசாமல் பொய் சொன்னாள்.

"ஏஜெண்டு சத்தம் போடுவாரே டீச்சர்." கருப்பம்மாள் கையிலிருந்த பசையை வழித்துவிட்டுச் சிரித்தாள். "சரி, புள்ள படிக்கட்டும். நான் பாத்துக்கிடுதேன்."

மறுநாள் பானு கம்ப்யூட்டர் முன்னால் பத்திரமாக உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தூசி வராமல் சாத்தித் தாழிட்ட அறையில் சூடான பிளாஸ்டிக் வாசனை அடித்தது, மின்விசிறி முனகியது, ரோட்டில் லாரி போனால்கூட நிமிர்ந்து பார்த்தாள். பேச்சுக்குத்தான் கேட்டாள்.

"அம்மா வீட்டுலயா இருக்காக?"

"எனக்குப் பதிலா வேன்ல போயிட்டாக டீச்சர். ஆள் குறையக் கூடாதாம்."

நான்தான் அனுப்பினேன். நானேதான். எழுந்தாள். தலைமையாசிரியர் அறையில் போன் இருந்தது. இரண்டடி வைத்திருப்பாள்.

வெடித்தது.

ஜன்னல் அதிர்ந்தது. திரை அணைந்தது. மின்விசிறி நின்றது. ரோட்டில் காலடிகள். ஓலம். எல்லாம் புகையைப் பார்த்து ஓடி, தூரமாகி, தேய்ந்தன. டீச்சர் பானுவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு கருமருந்து வாசனை. வெளியிலிருந்து இல்லை. கதவுக்குப் பக்கத்தில்.

"பானு... வாத்தா."

கம்பெனி காட்டுக்கு நடுவே, வெகு தூரத்தில் இருந்தது. அதற்குள் யாராலும் வந்திருக்க முடியாது.

"அம்மா!" பானுவின் முகம் மலர்ந்தது. "பொழச்சுக்கிட்டாக டீச்சர்! கைய விடுங்க!"

டீச்சர் விடவில்லை. கதவின் கீழ் இடுக்கில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. நகம் வரை பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி. அவை நின்ற இடத்தில் சிமெண்டுத் தரை கறுத்துக்கொண்டே வந்தது.

பானு கையை உதறிக்கொண்டு ஓடித் தாழ்ப்பாளை விலக்கினாள்.