அவள் அழிக்க மறந்த படம்

கீலுங் நகரத்து மழைக்கு நேரம் காலம் கிடையாது. குடையை உதறிக்கொண்டு கடைக்குள் ஓடிய யூ-ஷி, அலமாரியில் மிச்சமிருந்த ஒரே பச்சை நிற குவாய் குவாய் சோளப்பொரி பாக்கெட்டை எட்டிப் பிடித்தாள். அதே நொடியில் ஓர் இளைஞனின் கையும் அதைப் பிடித்தது.

"விடுங்க... என் கம்ப்யூட்டர் படுத்துடுச்சு," என்றாள் யூ-ஷி.

"எனக்கும் அந்த வேலைதாங்க. மஞ்சள் பாக்கெட் நிறைய இருக்கே, எடுத்துக்கோங்க."

"மஞ்சளை வெச்சா இருக்கற உயிரும் போயிடும். இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?"

பச்சை பாக்கெட்டைத் தன் தலையில் வைத்தால்தான் கம்ப்யூட்டர் சொன்ன பேச்சைக் கேட்கும். இதில் அந்த ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. அவன் சிரித்துக்கொண்டே கையை எடுத்தான். இமையில் மழைத்துளி... அதற்குக் கீழே குறும்பான கண்கள். திமிர் பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டாள். நினைப்பு ஏனோ தித்தித்தது.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய விலங்கு மருத்துவமனை வாசலில் சொட்டச் சொட்ட நின்றவனும் அவனேதான்.

"கம்ப்யூட்டர் ரிப்பேருக்குக் கூப்பிட்டிருந்தீங்களே... நான் பொ-யென்." உள்ளே வந்தவன் கண் அந்தப் பாக்கெட்டில் விழுந்தது. "செத்ததுக்கு மேல வெச்சா எழுந்து உட்காராது, டாக்டர்."

அவளுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. உள்ளே தோஃபு என்ற கிழநாய் வயிற்றுக் கட்டியோடு துடித்துக்கொண்டிருந்தது. கட்டியை இன்றே அறுத்தெடுக்க வேண்டும். முன்பு ஒரு முறை ஏதோ ஒரு மயக்க மருந்து அதன் உயிரையே வாங்கப் பார்த்தது. எந்த மருந்து? அந்த விவரம் அவள் பல வருடமாகத் தொடாத பழைய கம்ப்யூட்டரில்தான் இருந்தது; இன்று திறந்தால் அது செத்துக் கிடந்தது.

"பேக்கப் எடுத்த டிஸ்க் மட்டும்தான் இருக்கு. அந்தப் பழைய புரோகிராம் புது மெஷின்ல ஓடாது..."

"டிஸ்க் இருக்குல்ல, போதும். என் லேப்டாப்புக்குள்ளயே ஒரு கம்ப்யூட்டரை உண்டாக்கிடலாம். உடம்பு புதுசு... உள்ள இருக்கறது உங்க பழசு."

டிஸ்கில் இருந்ததை அப்படியே ஒரே கோப்பாக மாற்றினான். ஓடவிட்டதும் திரை நீலமாகி நின்றது. யூ-ஷி பதறிப்போய்த் திரையை எட்டிப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க. புது இடமில்லையா, டிஸ்க் எங்க இருக்குன்னு தெரியாம முழிக்குது."

எதையோ மாற்றினான். லேப்டாப்புக்குள் அவளுடைய பழைய கம்ப்யூட்டர் அச்சு அசலாகக் கண் விழித்தது. கூடவே திரை முழுக்க ஒரு படமும்... வெள்ளைக் கல்யாணக் கவுனில் அவள், அவள் தோளை அணைத்தபடி ஒருவன்.

பொ-யென் முகம் சட்டென்று வாடியது. அவள் அதைப் பார்த்தாள். பேச நேரமில்லை. மருந்தின் பெயரைத் தேடிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

தோஃபு பிழைத்தது. அவள் களைத்து வெளியே வந்தபோது அவன் பையை மாட்டிக்கொண்டு நின்றான்.

"எல்லாத்தையும் உங்க புது மெஷின்ல போட்டுட்டேன். வரேன், மேடம்."

மேடமா? சற்று முன்வரை டாக்டர் என்று வம்பு பண்ணியவனாயிற்றே... இவனுக்கு எதற்கு நான் விளக்கம் சொல்ல வேண்டும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். போகட்டும். கதவுப்பிடியில் அவன் கை போனதும் மனசு கேட்கவில்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடியே படம் எடுப்பாங்கல்ல... எடுத்தோம். கல்யாணம் நடக்கல. அவன் வேற ஒருத்தியோட போயிட்டான். அதுக்கப்புறம் அந்தக் கம்ப்யூட்டரை நான் தொறக்கவே இல்ல. அதான் அழிக்கல."

அவன் பையை மெல்லக் கீழே வைத்தான்.

"இனிமே தினமும் தானாவே பேக்கப் எடுத்துக்கற மாதிரி பண்ணிட்டேன். நான் வரவேண்டிய அவசியமே இல்ல, டாக்டர்... ஆனா வரணும்னு இருக்கு. உங்களைப் பாத்துட்டே இருக்கணும்னு இருக்கு. கடையிலயே பிடிச்சுப் போச்சு."

யூ-ஷியின் கண்கள் நிறைந்தன. அத்தனை வருடம் கழித்து அவளுக்கு ஒருவனை நம்பத் தோன்றியது.

"பேக்கப் அது பாட்டுக்குத் தானா எடுத்துக்கட்டும்," என்றாள் மெல்ல. "நீங்களும் வாங்க."