அழுக்குப் போகும்வரை ஓடும்

கண்டனூர் வீட்டில் நான் வந்து இறங்கியபோது, என் சீர்சாமான் எனக்கு முன்பே வந்து முகப்பை அடைத்துக்கொண்டு நின்றது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் கரண்டியில்கூட அவள் பெயரை வெட்டித்தான் அனுப்புவார்கள். என் அம்மா ஒரு படி மேலே போய், பாத்திரம் கழுவும் டிஷ்வாஷர் கதவிலும் 'அகல்யா' என்று வெட்டவைத்திருந்தாள். பெயர் வெட்ட வந்தவர் சிரித்துவிட்டாராம்.

கல்யாணத்துக்கு முன் கோயம்புத்தூரில் ஒரு டிஷ்வாஷர் கம்பெனியின் கஸ்டமர் கேரில் இருந்தேன். நாள் முழுக்க ஒரே கேள்விதான். "கையால கழுவுனா அரை மணி நேரம். இது ஏங்க மூணு மணி நேரம் ஓடுது?" நானும் சளைக்காமல் சொல்வேன். 'ஈகோ' என்ற சிக்கன முறையில் போட்டால் தண்ணீரை அதிகம் சூடாக்காது. அதனால் நிதானமாக ஊறவைத்துக் கழுவும், கரண்ட் மிச்சம். 'ஆட்டோ' முறையில் போட்டால், கழுவிய தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று உள்ளேயிருக்கும் சென்சார் பார்க்கும். தெளிவாக இருந்தால் சீக்கிரம் முடிக்கும், கலங்கியிருந்தால் நேரத்தைக் கூட்டிக்கொள்ளும். கடைசியில், "மெஷின் பொய் சொல்லாதுங்க, அழுக்குப் போற வரைக்கும் ஓடும்" என்று முடிப்பேன்.

என் கணவர் உடையப்பனுக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி விசாலி வயிற்றுக் கோளாறில் இறந்துபோனாள் என்று சொல்லியிருந்தார். பிள்ளையில்லாததால் அவள் சீரையெல்லாம் பிறந்த வீட்டுக்கே திருப்பிக் கொடுத்தாயிற்றாம். அவர் என்னைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். சாயங்காலம் பனங்கற்கண்டு போட்டு அவரே பால் காய்ச்சிக் கொண்டுவருவார். அம்மாவிடம் ஃபோனில் பெருமையடித்துக்கொண்டேன். மறுபடி வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டபோதுகூட அவர் கோபப்படவில்லை.

"விசாலியும் இப்படித்தான் கேட்டுக்கிட்டே இருந்தா," என்றார், சிரித்தபடி.

அதற்குப் பிறகுதான் பால் லேசாகக் கசக்க ஆரம்பித்தது. உடம்பு தேற நாட்டுமருந்து சேர்ப்பதாகச் சொன்னார். எனக்கு அடிக்கடி வயிற்றைப் பிரட்டியது. அதே நாட்களில் மெஷினும் படுத்தியது. இரண்டு பேர் சாப்பிட்ட பாத்திரம், ஆட்டோவில் போட்டால் சட்டென்று முடியவேண்டும். மதியம் போட்டது விளக்கு வைக்கும் நேரம்வரை ஓடியது. ஃபில்டரைக் கழற்றிக் கழுவினேன். ஊர்த்தண்ணீர் சரியில்லையோ என்று தண்ணீரை மென்மையாக்க மெஷினில் போடும் உப்பையும் நிரப்பிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஒருநாள், முடிந்ததும் கதவைத் திறந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. அதில் ஒரு கசப்பு வாடை.

கீழ்த்தட்டில் நான் வைக்காத ஒரு டம்ளர்.

'விசாலி' என்று வெட்டியிருந்தது.

"எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டதாச் சொன்னீக," என்று அவரிடம் நீட்டினேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஒண்ணு விட்டுப்போச்சுபோல," என்று வாங்கிக்கொண்டு போய்க் கிணற்றில் வீசினார். அது தண்ணீரில் விழுந்த சத்தத்தை நானும் கேட்டேன்.

மறுநாள் அது அதே தட்டில் இருந்தது. ஈரத்தோடு.

இந்த மெஷினுக்காக ஊரார் திட்டையெல்லாம் வாங்கியவள் நான், சும்மா விட மனமில்லை. பளபளவென்று இருந்த அந்த டம்ளரை மட்டும் வைத்து ஆட்டோவில் போட்டேன்.

மெஷின் திரையில் காட்டிய நேரம் குறையவில்லை. ஏறியது.

உள்ளேயிருந்து யாரோ நகத்தால் கதவைச் சுரண்டினார்கள்.

நிறுத்தினேன். சுரண்டலும் நின்றது.

அப்போதுதான் அலமாரியில் இருந்த என் பால் டம்ளர் கண்ணில் பட்டது. எடுத்து நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். விசாலியின் டம்ளரை வெளியே வைத்துவிட்டு, இதை மட்டும் உள்ளே வைத்தேன்.

நேரம் ஏறியது. இரண்டு டம்ளரிலும் ஒரே அழுக்கு.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. இவரை நம்பித்தானே இந்த ஊருக்கு வந்தேன்? கொடுத்ததையெல்லாம் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

"பால் ஆறுது, குடி அகல்யா."

எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை.

"வச்சுட்டுப் போங்க, குடிக்கிறேன்," என்றேன்.

அவர் முகப்புக்குப் போனதும் பாலை ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு, பின்கட்டுக் கதவு வழியாக அடுத்த தெருவில் இறங்கினேன். காரைக்குடியில் போலீஸ் ஸ்டேஷனில் பாட்டிலைக் கொடுத்துவிட்டுத்தான் அம்மா வீட்டுப் படியேறினேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் ஃபோன் வந்தது. பின்னால் தண்ணீர் சுழலும் சத்தம்.

"ஒயரப் புடுங்கிட்டேன் அகல்யா. இன்னமும் ஓடுது. இது எப்ப முடியும்?"

பழக்கதோஷம், பதில் தானாக வந்தது. "அழுக்குப் போற வரைக்கும் ஓடுங்க."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. மெஷின் கதவு மெதுவாகத் திறந்துகொள்ளும் ஓசை கேட்டது.

"நின்னுருச்சு," என்றார். அழுதுவிடுவார்போல இருந்தது.

பிறகு, அவருக்கு வெகு அருகில், ஒரு பெண்குரல் பொறுமையாகச் சொன்னது:

"பால் ஆறுது, குடிங்க."