பெருமாயி நெற்றியில் ஏறிய சாட்சி

"ஏட்டய்யா, எங்க ஊட்டுக்காரரைத் திருடன்னு சொல்லிப்போட்டாங்க!"

சென்னம்மாள் அழுதுகொண்டே ஓடி வந்தபோது, செங்கோடனின் மனைவி பெருமாயிக்கு உள்ளூரக் குதூகலம். சேலத்தில் போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்று மலைக்குத் திரும்பியவர் மிளகுக் கொடியைப் பார்த்துக்கொண்டே காலம் தள்ளிவிடுவாரோ என்பது அவள் கவலை.

அடிவாரத்திலிருந்து அர்த்தனாரி வைத்தியருக்கு ஒரு குப்பி பாதரசம் வந்தது. யுத்த காலம், தங்கம் கிடைத்தாலும் ரசம் கிடைக்காது. கூடையில் வைத்து மலையேற்றியவன் சென்னம்மாளின் புருஷன் ராசு. வைத்தியர் மலையின் மறுபக்கத்து வளப்பூர் நாட்டுக்குப் போயிருந்ததால், வாங்கி வைத்தவன் அவருடைய உதவியாள் சின்னுசாமி. அவர் திரும்பியதும், "கூடையில குப்பியே வரலீங்க" என்று கையை விரித்தான். இருவர் வீட்டையும் புரட்டியும் வெள்ளியாய் உருளும் ஒரு துளிகூட அகப்படவில்லை. பழி சுமைக்காரன் மேல் விழுந்தது. நம்பிக்கை போன தலையில் இந்த மலையில் யாரும் சுமை ஏற்ற மாட்டார்கள். ராசுவுக்கோ வேறு பிழைப்பு கிடையாது.

"ராசு மூஞ்சியே சொல்லுதுங்க, அவன் எடுக்கலைன்னு" என்றாள் பெருமாயி.

"மூஞ்சியை எல்லாம் சாட்சியா ஏத்துக்க மாட்டாங்க, புள்ள."

இருவரும் சின்னுசாமி வீட்டுக்குப் போனார்கள். உள்ளே கந்தக நெடி. மூட்டைப்பூச்சிக்குப் புகை போட்டதாகச் சொன்னான். போலீஸ்காரருக்கு அது போதும், பெருமாயிக்குப் போதாது. பானை, பரண் எல்லாவற்றையும் கண்ணால் அளந்துவிட்டுத்தான் எழுந்தாள். புறப்படும் சுமங்கலிக்குக் குங்குமம் கொடுக்கச் சின்னுசாமி பெண்டாட்டி பரணிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள். கையடக்க டப்பா, கருங்கல்லாகக் கனத்தது. பெருமாயி பொட்டு வைத்த பிறகுதான் சின்னுசாமி பார்த்தான். "அது பூசைக்கு உள்ளதுடி!" என்று பிடுங்கிக்கொண்டான்.

வீட்டில் ஊறுகாய்க்கு எலுமிச்சை பிழிந்தபோது சாறு தெறித்து நெற்றியில் வழிந்தது. செங்கோடன் அவளையே உற்றுப் பார்த்தார். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை என்று பெருமாயி பின்னால் எல்லாரிடமும் சொன்னாள்.

"போன வாரம் எலுமிச்சை பட்டுப் பொட்டு மஞ்சளாயிருச்சுன்னு பொலம்புனயே. இது ஏன் மாறலை?"

மறுநாள் வைத்தியர் வாசலில் ஊரே கூடியது.

"மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த குங்குமம் எலுமிச்சை பட்டா மஞ்சளாகும். இது ஆகலை. குங்குமம் பஞ்சாட்டம் இருக்கும், இது கனக்குது. வைத்தியரே, ரசமும், சின்னுசாமி ஊட்டுல நெடியடிச்ச கந்தகமும் கூட்டி எரிச்சா என்னாகும்?" என்றார் செங்கோடன்.

வைத்தியர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "லிங்கம்ங்கற மருந்துச் சரக்கு! ரத்தச் செவப்பாப் பொடியாகும். நான் ஓடுற வெள்ளியையே தேடிட்டிருந்தேனே!"

"அதெப்படிங்க?" என்றான் ராசு. "வெள்ளையும் மஞ்சளும் சேர்ந்தா செவப்பா?"

வைத்தியர் விளக்கினார்: "தனியா மேயுற ரெண்டு மாடு அதது நெனச்ச பக்கம் போகும். நுகத்துல பூட்டிட்டா? ரெண்டோட நடையும் மாறிப்போகும். சும்மா கலந்து வச்சா ரசம் ரசமாத்தான் இருக்கும். ஒண்ணையொண்ணு பூட்டிக்கிட்டா அது புதுச் சரக்கு. நெறமும் வேற, குணமும் வேற. ஆனா உள்ளார இருக்கற மாடு செத்துப்போகலை."

பெருமாயியே சின்னுசாமியின் பரணிலிருந்து டப்பாவைத் தூக்கி வந்தாள். வைத்தியர் பொடியோடு சுண்ணாம்பைச் சேர்த்துப் பானையில் இட்டு, வாயை மூடித் தீ மூட்டினார். கந்தகத்தைச் சுண்ணாம்பு பிடித்துக்கொண்டது. விடுபட்ட ரசம் ஆவியாக ஏறியது. ஆறியதும் மூடியைத் திருப்பினார். அதன் உட்புறத்தில் வெள்ளி முத்துகள் உருண்டன.

சின்னுசாமி தலை குனிந்தான். வைத்தியர் ரசத்தைக் குப்பியில் வடித்து, கூடையில் வைத்து, எல்லாரும் பார்க்கத் தம் கையாலேயே ராசுவின் தலையில் ஏற்றினார். "உள்ளார கொண்டுபோய் வை, சாமி." பத்தடி தூரம்தான். கும்பம் சுமப்பவனைப் போல நிமிர்ந்து நடந்தான் ராசு. சென்னம்மாள் அழுகையை மறந்து ஊரை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

பெருமாயி நெற்றியைக் காட்டிக்கொண்டு புருஷன் முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க, மூஞ்சி சாட்சி ஆகாதுன்னீங்களே?"

சேலத்தையே குறுக்கு விசாரணை செய்த ஏட்டு, மிளகுக் கொடியைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.