ஹிவாவின் தாய்ச்செடி

தாண்டிக்குடிச் சந்தையில் மலைவாழைத் தார் வாங்க வந்தவர், முதலில் காம்பில் அசல்மானியை வைத்துப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் விலை கேட்டார். இப்போதெல்லாம் அப்படித்தான். கல்யாணத் தாம்பூலத்து வெற்றிலையைக்கூட மாப்பிள்ளை வீட்டார் அசல்மானியில் வைத்துப் பார்க்கிறார்கள். வெற்றிலையில் சிவப்பு எரிந்து, பேச்சு முற்றி, பந்தியில் போட்ட இலையை விட்டு எழுந்துபோன சம்பந்திகளும் உண்டு.

சந்தைக்கு மேலே, மிளகுத் தோட்டங்களைத் தாண்டி இருந்த காவா காப்பகத்தில் அன்று காலை சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. செடியொன்றுக்குச் சான்று கேட்டு ஹவாய்த் தீவிலிருந்து வந்திருந்த நோஹெயாவின் மடியில் ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் ஈரத்துணி சுற்றிய ஒரு காவாத் துண்டு. கன்னங்கரேலென்று மினுமினுத்த தண்டு, இரண்டே கணு.

"மன்னிச்சுக்கங்க. சிவப்பு காட்டினா போலின்னு அர்த்தம். பத்து மணிக்கு இதை எரிச்சாகணும், சட்டம்" என்றார் காப்பகத் தலைவி ஜெசிந்தா. மணி அப்போது ஒன்பதேகால்.

நோஹெயாவின் கழுத்தில் தொங்கிய மொழிமாற்றி அவள் பேச்சைச் செந்தமிழில் சொல்லியது. "இது எங்கள் வீட்டுப் பின்புறப் பள்ளத்தாக்கில் தப்பிப் பிழைத்தது. காவாவில் கருந்தண்டு வகை. இதுவே ஹிவா. இதை எரிக்காதீர்கள், கெஞ்சுகிறேன்." மொழிமாற்றிக்கு அழத் தெரியாது. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கருகல் நோய், ஹவாய்க்காரர்கள் வேரை இடித்துக் கரைத்துக் குடிக்கும் காவாச் செடிகளை வாரிக்கொண்டு போனது. காவா விதை கொடுக்காது. கணுவை நறுக்கி நட்டால்தான் உண்டு. பழைய ஆட்கள் படகில் கொண்டுவந்த அதே செடியைத்தான் கைமாற்றிக் கைமாற்றி வளர்த்து வந்தார்கள். ஒருமுறை அறுந்தால் அவ்வளவுதான். கடைசியில் மிஞ்சிய பதின்மூன்று வகைகளில் வகைக்குப் பன்னிரண்டு துண்டு, பாதுகாப்புக்காக இந்த மலைக்கு வந்தது. மிளகுக்கும் வெற்றிலைக்கும் காவா நெருங்கிய சொந்தம் என்பதால், பராமரிக்கச் சோழவந்தானிலிருந்து ஒரு வெற்றிலைக் கொடிக்கால்காரரை வேலைக்கு வைத்தார்கள். அவர்தான் கார்மேகம். வந்தபோது இருபத்தைந்து வயது, இப்போது ஐம்பத்தொன்று.

பதின்மூன்று வகைக்கும் மரபணு ஏறக்குறைய ஒன்றேதான். தண்டின் நிறத்தையும் கணுவின் நீளத்தையும் பார்த்துப் பிரித்தவை அவை. அதனால்தான் அசல்மானி மரபணுவைப் பார்ப்பதில்லை, சாற்றுத்துடிப்பைப் பார்க்கிறது. உயிருள்ள எதுவும் நேற்று இருந்தபடி இன்று இருக்காது, ஆகவே எழுதிவைத்த அளவு உதவாது. வகைக்கு ஒரு தாய்ச்செடி, அதன் தண்டில் குண்டூசி நீளத்தில் ஒரு தாய்க்கவ்வி. உலகத்தின் எந்த மூலையில் அசல்மானியை வைத்தாலும், அது கவ்வி இருக்கும் இடத்தில்தான் கேட்கும்: இதுவும் நீயும் ஒன்றா? ஹிவாவின் தாய்ச்செடி இங்கே, முதல் வரிசை முதல் குழியில் இருந்தது. அதன் பிள்ளைகள் முப்பதாயிரம் இப்போது ஹவாயில் வளர்கின்றன.

கார்மேகம் குழாயைக் கையில் வாங்கினார். தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முதல் வரிசையைப் பார்த்தார். அங்கே தண்டுகள் கரும்பச்சை, கணுக்கள் குட்டை. குழாயை நோஹெயாவின் மடியிலேயே திரும்ப வைத்தார்.

"மேடம், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கண்ணே."

"நான் வந்த வருசம் ஐப்பசி மழையில முதல் வரிசை அழுகிப்போச்சு. கொடிக்கால்ல குழி காலியாக் கெடக்கக் கூடாது மேடம். பாக்குறவன் காறித் துப்பிருவான். பக்கத்து வரிசையில தெம்பா நின்னதுல கணு ஒடிச்சு வச்சு ரொப்பிட்டேன்."

ஜெசிந்தா முதல் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "பக்கத்து வரிசை வேற வகையில்லையா?"

"எனக்கு அப்ப எல்லாம் ஒரே செடியாத்தான் தெரிஞ்சுச்சு."

"எத்தனை குழி?"

"எட்டோ ஒம்போதோ. பன்னெண்டுமோ என்னமோ, இப்ப யோசிச்சா தலை சுத்துது."

"முதல் குழி?"

"அதான் மேடம் ஞாவகம் வரமாட்டேங்குது."

"பெயர்ப்பலகை ஹிவான்னு இருக்கே!"

"பலகையை நான் தொடவே இல்லையே" என்றார் கார்மேகம், உண்மையிலேயே புண்பட்டவராக.

அவர் ஒன்றும் அலட்சியக்காரர் அல்ல. இருபத்தாறு வருடத்தில் ஒரு குழியைக்கூடக் காலியாக விடாத மனிதர். அந்த அக்கறைதான் வினையாகிவிட்டது. தாய்ச்செடிக்குக் கவ்வி மாட்டியது அவர் வந்த ஆறாம் வருடம். பின்னால் வரிசை முழுவதையும் அந்தச் செடியின் கணுவிலிருந்தே புதுப்பித்தார்கள். அப்போது அந்தக் குழியில் நின்றது ஹிவாவா, ஹிவாவின் பலகைக்குக் கீழே நின்ற வேறொன்றா, இனி யாரைப் போய்க் கேட்பது?

"நீங்க குடிச்சுப் பாத்தா தெரியாதாம்மா?" என்று கார்மேகம் நோஹெயாவைக் கேட்டார்.

"நோய் வந்தபோது எனக்கு எட்டு வயது. பெரியவளான பின் நான் அருந்திய ஹிவா எல்லாம் உங்கள் வரிசையிலிருந்து வந்ததே. என் நாவுக்கு உங்கள் செடிதான் ஹிவா" என்றது மொழிமாற்றி. அவள் குழம்பிப்போய்த் தன் மடியிலிருந்த கருந்தண்டையே பார்த்தாள். அது அவளுக்கும் இப்போது அந்நியமாகத் தெரிந்தது.

மணி ஒன்பதே முக்கால்.

"அந்தக் கவ்வியை இதுல மாட்டிப் பாப்பமா மேடம்?" என்றார் கார்மேகம்.

செய்யக்கூடாத காரியம். ஆனால் ஜெசிந்தாவுக்கும் மண்டை காய்ந்துவிட்டது. "ரெண்டே நிமிஷம்."

கவ்வி தாய்ச்செடியிலிருந்து கருந்தண்டுக்கு மாறியது. அசல்மானியை வைத்தார்கள். கருந்தண்டு பச்சை. முதல் வரிசை பன்னிரண்டும் சிவப்பு. நோஹெயா சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அவளுடைய கைப்பேசி அலறியது. தீவில் அப்போது சாயங்காலம், பேசியவன் தம்பி காலெயோ. வீட்டுத் தோட்டத்தில் அசல்மானி மாட்டியிருந்த முந்நூறு செடியும் சிவப்பாகிவிட்டதாம். அக்கம்பக்கத்திலும் அதே கதையாம். எரிப்பு வண்டி கிளம்பிவிட்டதாம்.

"மாத்துங்க, மாத்துங்க!" என்று கத்தினார் ஜெசிந்தா.

மாற்றினார்கள். வரிசை பச்சை, கருந்தண்டு சிவப்பு. தீவில் வண்டி திரும்பியது. இங்கே கடிகாரம் ஒன்பது ஐம்பத்தைந்து.

ஒன்றைக் காப்பாற்றினால் முப்பதாயிரம் சாம்பல். முப்பதாயிரத்தைக் காப்பாற்றினால், ஒருவேளை உலகத்தின் ஒரே ஹிவா சாம்பல். அல்லது இரண்டுமே ஹிவா. அல்லது இரண்டுமே இல்லை. நோஹெயா இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "எது என் செடி? யாராவது சொல்லுங்கள்" என்று மொழிமாற்றி சாந்தமாகக் கேட்டது.

"இன்னொரு தரம் பாப்போம்" என்று கவ்வியைக் கழற்றிய கார்மேகம், கருந்தண்டைத் துணியிலிருந்து எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால், கவ்வியை உதட்டில் கவ்விக்கொண்டார். கொடிக்கால்காரர்கள் எல்லோரும் செய்வது. கொடி கட்டும்போது கோரையை அப்படித்தான் வாயில் வைத்துக்கொள்வார்கள்.

ஜெசிந்தா இது தெரியாமல் அசல்மானியை வரிசையில் வைத்தார். சிவப்பு. கருந்தண்டில் வைத்தார். அதுவும் சிவப்பு. "என்ன எழவு இது!" என்று திரும்பியதில் அசல்மானி கார்மேகத்தின் மணிக்கட்டில் பட்டது.

பச்சை எரிந்தது. திரையில் எழுத்து வந்தது: ஹிவா. அசல்.

மூவரும் அதைப் பார்த்தார்கள். கார்மேகம் இரண்டு தடவை படித்தார்.

கைப்பேசி மறுபடி ஒலித்தது. காலெயோதான். மறுபடி எல்லாமே சிவப்பாம், ஆனால் இந்தத் தடவை பச்சை என்று எங்கேயும் ஒரு செடிகூட இல்லாததால் வண்டி வரவில்லையாம். விதிப்புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறதாம். ஒரு வகையின் எல்லாச் செடியும் ஒரே நேரத்தில், எல்லா இடத்திலும் சிவப்பானால், தாய்ச்செடிக்கு உடம்பு சரியில்லை என்று பொருள். அது தேறும்வரை எங்கேயும் எதையும் எரிக்கக்கூடாது.

"எப்போது தேறும் என்று கேட்கிறார்கள்" என்றது மொழிமாற்றி.

கார்மேகம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "வாயைத் திறக்காதீங்கண்ணே!" என்று ஜெசிந்தா போட்ட சத்தத்தில் மிளகுக்கொடியிலிருந்த குருவிகள் பறந்தன. அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். கண் மட்டும் பிதுங்கியது.

மணி பத்து அடித்தது. எரிப்பறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தார். ஜெசிந்தா கையசைத்து அவரை அனுப்பிவிட்டார்.

கார்மேகம் மண்டியிட்டார். முதல் வரிசையின் கடைசியில் ஒரு குழி பறித்து, கருந்தண்டைக் கணு மேலே பார்க்கச் சாய்த்து வைத்து, மண் தள்ளி, விரலால் அழுத்தினார். நோஹெயா இரு கையாலும் தண்ணீர் அள்ளி ஊற்றினாள். அது ஹிவாதானா என்று அவள் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் சொல்ல அவரால் முடியாது.

ஜெசிந்தா அன்றாடப் பதிவேட்டைத் திறந்தார். ஹிவா, தாய்ச்செடியின் நிலை என்று ஒரு கட்டம். அதில் எழுதினார்: 'நலமில்லை. பேச்சு இல்லை. மத்தியானம் கஞ்சி கொடுக்க வழி பார்க்க வேண்டும்.'