கொக்கியில் நீல மீன்

அறைக்குள் குழந்தைக் கட்டில் இரண்டு போட்டிருந்தார்கள்.

ஒன்றில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. இரண்டரை வயதுப் பிள்ளை உருண்டு புரண்டு படுக்கிற அளவு, இரண்டு பக்கமும் கம்பி, தலையணை உறையில் ஒரு ஆமை. மற்றது அதில் பாதிதான் இருக்கும். வெள்ளைக் கொசுவலையை இறக்கி, நாலு பக்கமும் மெத்தைக்கடியில் செருகி, யாரோ இப்போதுதான் உள்ளே ஒருவரைத் தூங்க வைத்துவிட்டு நுனிக்காலில் வெளியே போன மாதிரி அவ்வளவு பதமாக வைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கடல் இரைந்துகொண்டிருந்தது. உள்ளே கஞ்சி போட்ட துணி வாசமும் பவுடர் வாசமும்.

"அம்மா, இது யாருக்கு?" என்றாள் வாண்டு. வீட்டில் அந்தப் பிள்ளைக்கு அதுதான் பேர்.

"யாருக்குமில்ல. தப்பாப் போட்டுட்டாங்க."

தப்பு யாருடையது என்று வாண்டுவின் அம்மாவுக்குத் தெரியும். போன வருஷம், வயிற்றில் நாலு மாதமாக இருந்தபோது, அவளும் புருஷனும் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு இந்தத் தீவுக்கு முன்பதிவு செய்தார்கள். ஒரு வருஷம் முன்னாலேயே போட்டால் பாதி விலை. 'குழந்தைகள்: இரண்டு' என்று அடித்து, பிறக்காத பிள்ளைக்கு ஏழு மாதம் என்று வயதும் போட்டு, "பாரு, ஐயாவுக்கும் ஒரு சீட்டு போட்டாச்சு" என்று சிரித்தான் அவன். ஏழாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எல்லாம் முடிந்துபோனது. ஆண் பிள்ளை. அதற்குப் பிறகு வீட்டில் அவனைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாத வீட்டில் அந்தப் படிவத்தை மட்டும் யார் போய்த் திருத்துவார்கள், சொல்லுங்கள்?

புருஷன் அவர்களோடு வரவில்லை. கடைசி நேரத்தில் ஆபீசில் ஏதோ தலைபோகிற வேலை. "நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போங்க, நான் புதன்கிழமை வந்துர்றேன்" என்றான். புதன்கிழமை வரமாட்டான் என்பது அவளுக்கு அப்போதே தெரியும்.

மறுநாள் காலை, கடற்கரையோரம் பிள்ளைகள் விளையாடுகிற ஓலைக் குடிசைக்கு வாண்டுவைக் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் ஒரு பலகை. அதில் கொக்கி கொக்கியாக இருந்தது. குளம், படகு, குடிசை, அறை என்று ஒவ்வொரு வரிசைக்கும் மேலே எழுதியிருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மரமீன். பிள்ளை எங்கே இருக்கிறதோ அந்தக் கொக்கியில் அதன் மீன் தொங்கும்.

"சுத்தியும் தண்ணி பாருங்க மேடம்" என்றாள் அங்கே வேலை பார்க்கிற பெண். பூப்போட்ட சட்டை போட்டிருந்ததால் வாண்டு அந்த நிமிஷமே அவளுக்குப் பூ அக்கா என்று பேர் வைத்துவிட்டாள். "மீனும் பிள்ளையும் சரியா இருந்தாத்தான் நாங்க சாப்பிடவே போவோம். இந்தாங்க, உங்களுக்கு ரெண்டு. மஞ்சள் பெரிய பாப்பாவுக்கு, நீலம் சின்னவருக்கு. சின்னவர் எங்க?"

பின்னால் வரிசை நின்றது. தோளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்ட அப்பாக்கள், ஒருவருக்கொருவர் முதுகில் கிரீம் தேய்த்துவிடுகிற தம்பதிகள். எல்லோரும் அவளைப் பார்ப்பதுபோல இருந்தது. 'அவன் இல்லை' என்று சொல்லவேண்டியதுதான். இரண்டே வார்த்தை. வாயைத் திறந்தாள்.

"தூங்குறான்."

நீங்களாக இருந்தாலும் ஒருவேளை அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள். முன்பின் தெரியாத மனிதர்கள் முன்னால், வெயிலில், பீச் பந்தும் கையுமாக நின்றுகொண்டு அதை எப்படிச் சொல்வது? பூ அக்கா தலையாட்டிவிட்டு நீல மீனை 'அறை' கொக்கியில் மாட்டினாள். டொக். சின்னச் சத்தம்தான். வாய்விட்டு அவனை 'இருக்கிறான்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை என்று அவளுக்குத் தோன்றியது. கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது.

அன்று காலை மணல்வீடு கட்டுகிற போட்டி. பிறகு முழங்காலளவு குளம். வாண்டு வாளியில் தண்ணீர் மொண்டு மொண்டு அம்மா தலையில் ஊற்றினாள். பக்கத்துக் குடும்பத்து அம்மா, "உங்க வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் தன் புருஷனை அதட்டப் போய்விட்டாள். அவ்வளவுதான் அன்று பெரியவர்கள் அவளோடு பேசிய பேச்சு.

பகல் சாப்பாட்டுக்கு முன் அறைக்குத் திரும்பியபோது கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே, சின்னக் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, சாம்பல் நிறச் சீருடையில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். உதட்டில் விரல் வைத்தபடி எழுந்தாள்.

"பிள்ளைய அறையில தனியா விடக்கூடாதுன்னு சட்டம் மேடம். குடிசையில இருந்து என்னை அனுப்பினாங்க. நல்லாத் தூங்கினார். ஒரே ஒரு தடவ சிணுங்கினார், தட்டிக் கொடுத்தேன்."

கொசுவலை செருகியது செருகியபடி இருந்தது. அவள் பார்த்தாள். வலை தடிமனானது, உள்ளே வெள்ளைத் துணி மேல் வெள்ளைத் துணிதான் தெரிந்தது. இந்த அம்மாள் வலையைத் தூக்கியே பார்த்திருக்கமாட்டாள், காற்றாட உட்கார்ந்து கண்ணயர்ந்துவிட்டு, கேட்டால் மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒப்பிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். பொய்க்குப் பொய். சிரிப்புகூட வந்தது.

"ரொம்ப தேங்க்ஸ்" என்றாள்.

அந்த அம்மாள் போன பிறகு வலையைப் பிரித்தாள். யாருமில்லை. தலையணை நடுவில் மட்டும், ஒரு ஆரஞ்சுப் பழம் வைத்து எடுத்த அளவுக்கு ஒரு பள்ளம். கையால் நீவிச் சமன் செய்துவிட்டுக் குளிக்கப் போனாள். குளித்துவிட்டு வந்தபோது பள்ளம் மறுபடி இருந்தது.

பஞ்சுத் தலையணை அப்படித்தான் எழும்பும், அமுங்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

அடுத்த நாள், அடியில் கண்ணாடி பதித்த படகு. குப்புறப் படுத்துக்கொண்டு மீன் பார்த்து வாண்டு கூச்சல் போட்டாள். திரும்பி வந்ததும் குடிசையில் பாதம் பதிக்கிற விளையாட்டு. ஈரச் சுண்ணாம்பு மாவில் பிள்ளைகளின் காலை அழுத்தி, இறுகியதும் தட்டுபோல எடுத்து வீட்டுக்குக் கொடுப்பார்கள். வாண்டு கூச்சம் தாங்காமல் நெளிந்து, கட்டைவிரலை மட்டும் இரண்டு தடவை பதித்துவிட்டாள்.

"பாத்தியா, உனக்கு ஆறு விரல்" என்றாள் அவள். வாண்டு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தாள்.

மாலையில் பூ அக்கா தாளில் சுற்றி இரண்டு தட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"சின்னவருக்குத் தூங்கும்போதே எடுத்துட்டாங்க மேடம். முழிக்கவே இல்லையாம். தங்கமான பிள்ளை."

இரண்டாவது தட்டு உள்ளங்கைக்குள் அடங்கியது. இறுகி முடியாத மாவில் இன்னும் சூடு இருந்தது. ஒரு பாதம். அரையங்குலக் குதிகால், பட்டாணி பட்டாணியாக ஐந்து விரல், அதில் இரண்டாம் விரல் கட்டைவிரலைவிட நீளம். அவள் புருஷனுக்கு அப்படித்தான் இருக்கும். அவன் அப்பாவுக்கும்.

பக்கத்துக் குடும்பத்துக் கைக்குழந்தையின் தட்டு மாறி வந்திருக்கும். இருக்கும். அப்படித்தான் இருக்கவேண்டும். ஆனால் அந்தத் தட்டைத் திருப்பிக் கொடுக்க மட்டும் அவளுக்குக் கை வரவில்லை.

புருஷனுக்கு போன் போட்டாள். சொல்லிவிடத்தான் போட்டாள்.

"என்னங்க, எப்ப வர்றீங்க?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள முயற்சி பண்றேன்மா. ஏன், வாண்டு ரொம்பப் படுத்துறாளா? பின்னாடி அழற சத்தம் கேக்குதே."

வாண்டு அவள் மடியில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அன்று இரவு முழுக்க விளக்கை அணைக்காமல், வாண்டுவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படுத்திருந்தாள். எதுவும் நடக்கவில்லை. கடல் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. விடியும்போது தீர்மானித்துவிட்டாள். இன்றைக்கு மூன்று மணிப் படகில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும்.

பெட்டியைக் கட்டி அறையிலேயே வைத்துவிட்டு வரவேற்பு மேசைக்குப் போனபோது மணி இரண்டு. அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டுப் புன்னகை செய்தாள்.

"கிளம்பலாம் மேடம். பலகையில உள்ள ரெண்டு பிள்ளைங்களும் ஏறினதும் படகு எடுத்துருவாங்க."

"ரெண்டு இல்ல. எனக்கு ஒரு பிள்ளைதான்."

வாண்டு காதில் இது விழவேண்டாம் என்றுதான் அவளைக் குடிசையில் விட்டுவிட்டு வந்திருந்தாள். இருபது தப்படி தூரம். ஜன்னல் வழியாகப் பார்த்தால், சிப்பிக்கு வர்ணம் அடிக்கிற பிள்ளைகள் நடுவில் வாண்டுவின் சிவப்புத் தொப்பி தெரிந்தது.

"ஒரு பிள்ளைதானா?" அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. "பரவாயில்ல மேடம், ஒண்ணை எடுத்துரலாம். எந்தப் பிள்ளைய எடுக்கணும்?"

செத்துப்போன பிள்ளையை. அவ்வளவுதான் சொல்லவேண்டியது. நேற்று ராத்திரி துணிக்குள் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்த அந்தச் சின்னத் தட்டு நினைவுக்கு வந்தது. அவனை எடுத்துவிடுங்கள் என்று அவள் வாயால் எப்படிச் சொல்வது? ஒரு தடவை எடுத்தது போதாதா?

"மேடம்? எந்தப் பிள்ளை?"

"நீங்களே பாத்து எடுத்துருங்க" என்றாள்.

அந்தப் பெண் போனை எடுத்து மெல்ல ஏதோ சொன்னாள். வைத்தாள். "ஆச்சு மேடம்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

சிவப்புத் தொப்பி இல்லை.

குனிந்திருப்பாள். சிப்பி கீழே விழுந்திருக்கும். வெளியே வந்தாள். மணல் சுட்டது. வேகமாக நடந்தாள். பெஞ்சில் பிள்ளைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு ஆள் எழுந்துபோன இடைவெளிகூட இல்லை.

"வாண்டு எங்க?"

பூ அக்கா நிமிர்ந்தாள். "யாரு மேடம்?"

"வாண்டு. என் பொண்ணு. இப்பத்தான் விட்டுட்டுப் போனேன். சிவப்புத் தொப்பி."

பூ அக்கா பலகையைத் திரும்பிப் பார்த்தாள். அவளும் பார்த்தாள். குடிசைக் கொக்கிகள். குளம். படகு. மஞ்சள் மீன் எதிலும் இல்லை.

"உங்க பேர்ல ஒரு பிள்ளைதானே மேடம்" என்றாள் பூ அக்கா, அன்பாக. "அறையிலதான் இருக்கார்."

"விளையாடாதீங்க. உங்களுக்குப் பேரு வச்சாளே. பூ அக்கான்னு."

பூ அக்கா தன் சட்டையைக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் இரக்கம் இருந்தது. வேறு எதுவும் இல்லை.

ஓடினாள். செருப்பு எங்கோ கழன்றது. குளத்தைப் பார்த்தாள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. கரையைப் பார்த்தாள். மணலில் அவள் காலடி மட்டும். வாண்டு, வாண்டு என்று கத்தினாள். பக்கத்துக் குடும்பத்து அம்மா திரும்பிப் பார்த்தாள். "யாரைத் தேடறீங்க? உங்ககூட யாரும் வரலையே, பாவம், மூணு நாளா தனியா..."

அறை. கதவு திறந்திருந்தது.

ஒரு கட்டில்தான் இருந்தது. சின்னது.

கட்டிப் பூட்டிய பெட்டி திறந்து கிடந்தது. வாண்டுவின் பாவாடைகள் இல்லை. அரையடி நீளச் சட்டைகள், வெள்ளையாக, மடித்து மடித்து.

"வாண்டு" என்றாள்.

சாம்பல் சீருடை அம்மாள் எழுந்தாள். இந்தத் தடவை உதட்டில் விரல் வைக்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்க. முழிச்சிட்டார். பசி."

வலையைத் தூக்கினாள்.

அவள் ஒரு எட்டு பின்னால் வைத்தாள். திரும்பி ஓடவேண்டும். படகுத்துறை. போலீஸ். வாண்டு. எங்கேயோ இருக்கிறாள். எங்கேயோ அழுதுகொண்டிருக்கிறாள். ஓடவேண்டும்.

வெள்ளைத் துணிக்கு நடுவிலிருந்து, நீரில் ஊறியதுபோலத் தோல் சுருங்கிய இரண்டு சின்னக் கைகள், தூக்கச் சொல்லி, அவளை நோக்கி உயர்ந்தன. ஒன்பது மாதமாக வற்றிக் கிடந்த அவள் மார்பு கனத்து, வலித்து, சட்டையின் முன்பக்கம் மெல்ல மெல்ல நனையத் தொடங்கியது.