கசக்காத மாத்திரை

போன் அலறியது!

கண்ணாடி முன் நின்று டை கட்டிக்கொண்டிருந்தவன் எடுத்தான். ஊர் முழுக்க அவனுக்கு ஒரே பெயர்தான்... தலைவர்.

"அத்தான்..." மறுமுனையில் மச்சினி. குரல் நடுங்கியது. "அக்காவோட மாத்திரையை எறும்பு மொய்க்குது!"

டை பாதி முடிச்சில் நின்றது.

"எந்த மாத்திரை?"

"நினைவு ஹால்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்கோமே, அக்காவோட கடைசி மாத்திரை டப்பா... அதுல சனிக்கிழமை ராத்திரி அறை. வரிசை கட்டிப் போகுது அத்தான்!"

"எதையும் தொடாதே. பத்து நிமிஷத்துல வரேன்."

"பதினோரு மணிக்கு நினைவு நாள் விழாவுக்கு அக்காவோட டாக்டர் வந்துருவார். அவர்கிட்டயே காட்டிக் கேட்டுடலாமா?"

"வேண்டாம்!"

கத்திவிட்டான். அடுத்த நொடியே குரலில் தேன் தடவினான். "பெரிய மனுஷர்மா. எறும்புக்கெல்லாமா அவரைக் கூப்பிடறது?"

கார் பறந்தது. ஏ.சி. ஓடியும் ஸ்டீயரிங் ஈரமானது.

மனைவி இறந்து இன்றோடு இரண்டு வருடம். நோய், லூபஸ். அவள் நினைவாக ஓர் அறக்கட்டளை. லூபஸ் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் புண்ணிய காரியம். மேடைக்கு மேடை கண்ணீர்... கைதட்டல்... பத்திரிகையில் படம்!

ஒவ்வொரு மேடையிலும் தவறாமல் ஒரு வரி சொல்வான்.

"லூபஸ்னா என்ன தெரியுமா? நம்மளைக் காப்பாத்த வேண்டிய சக்தியே நம்மளைத் தின்னுடும். வேலியே பயிரை மேயற வியாதி!"

கூட்டம் மூக்கை உறிஞ்சும்.

அந்த வீட்டில் வேலி யாரென்று அவனுக்கு மட்டும்தான் தெரியும்!

அவளுடைய மாத்திரைகள் கடும் கசப்பு. டப்பாவில் வாராவாரம் எடுத்து அடுக்குபவன் அவன்தான். அசலை எடுத்துவிட்டு, அச்சு அசல் அதே மாதிரி சர்க்கரை வில்லைகளை அடுக்கினான். ஐந்தே மாதம். சிறுநீரகம் கைவிரித்தது. அவள் போய்ச் சேர்ந்த அன்றே, டப்பாவில் மிச்சமிருந்த வில்லைகளை எடுத்துவிட்டு அசலைத் திருப்பி வைத்தான். எல்லா அறையிலும்...

எல்லா அறையிலுமா?

ஹாலில் ஜன்னல் திரைகள் இழுத்து மூடியிருந்தன. வெயில் பட்டாலே அவளுக்கு முகம் சிவந்து தடித்துவிடும். அதன் நினைவாகவே இந்த இருட்டு. கண்ணாடிப் பெட்டியில் அவளுடைய அகலத் தொப்பி, முழங்கை வரை கையுறை, மாத்திரை டப்பா.

எறும்புகள்... நிஜமாகவே!

"கசக்குற மாத்திரைக்கு எறும்பு வருமா அத்தான்?"

"பழசாயிடுச்சும்மா. கெட்டுப்போயிருக்கும்."

"கெட்டுப்போனா இனிக்குமா?"

மச்சினியை உற்றுப் பார்த்தான். பால் வடியும் முகம்.

"அக்கா கடைசியா போன்ல ஒண்ணு சொன்னா. 'இப்பல்லாம் மாத்திரை கசக்கறதே இல்லைடி'ன்னா. வியாதியில நாக்கு மரத்துப்போச்சுன்னு நினைச்சேன். டாக்டர்கிட்ட இதையும் கேக்கணும்..."



"கேக்கலாம், கேக்கலாம். முதல்ல போய் எறும்பு மருந்து வாங்கிட்டு வா. ஓடு!"

போனாள். கதவு சாத்திக்கொண்டது.

கண்ணாடி மூடியைத் தூக்கினான். சனிக்கிழமை இரவு. இரண்டு மாத்திரைகள். விரலில் எறும்பு ஏறியது... சுரீர்!

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம்.

"வாங்க டாக்டர்... இந்தப் பக்கம்!" மச்சினியின் குரல்.

சட்டைப் பையில் போட்டால் எறும்பு காட்டிக் கொடுக்கும். வாய்தான் பத்திரம். சர்க்கரைதானே... கரைந்தால் சாட்சியும் கரைந்தது!

இரண்டையும் வாயில் போட்டு நறுக்கென்று கடித்தான்.

கசந்தது!

தொண்டை வரை கசந்தது. அவனோ சிரித்துவிட்டான்.

"அப்பாடா... கசக்குது! எல்லாத்தையும் சரியாத்தான் மாத்தியிருக்கேன்!"

"எதை சார் மாத்தினீங்க?"

ஜன்னல் திரை விலகியது. பின்னால் இன்ஸ்பெக்டர். கையில் செல்போன், கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. மச்சினி மட்டும் வந்தாள். டாக்டரைக் காணோம்.

"டப்பா மேல சர்க்கரைத் தண்ணி தடவினது நான் அத்தான். உள்ளே இருந்தது நீங்க வச்ச அசல். போன மாசம் ஒரு லூபஸ் பேஷன்ட் சொன்னாங்க, அந்தக் கசப்பு சாகுற வரைக்கும் நாக்குக்குப் பழகாதுன்னு. அப்பதான் அக்கா சொன்னது உறைச்சுது."

"ஆறு வருஷம்டி!" அவன் வெடித்தான். "வெயில் ஆகாது, வெளியே போகக்கூடாது, திரையைத் திறக்கக்கூடாது... எனக்குன்னு ஒரு வாழ்க்கை வேண்டாமா?"

அவள் கண்கள் நிறைந்து வழிந்தன. பொங்கி வந்த அழுகையை அடக்க அவளால் முடியவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அக்காவை நான் கூட்டிட்டுப் போயிருப்பேனே, அத்தான்... எங்க வீட்டுலயும் திரை இருக்கே..."

அவன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினான்.

"தண்ணி... கொஞ்சம் தண்ணி..."

இன்ஸ்பெக்டர் அவன் தோளில் கை போட்டார்.

"ஜீப்புல இருக்கு. ஏறுங்க, வேலி சார்!"